மேலே ஒரு டொக், கீழே ஒரு மணி

லாரி ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கிறவளுக்குக் கண் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் காலத்தை ஓட்டிவிடலாம், காது மட்டும் கூர்மையாக இருந்தாக வேண்டும்.

என் பெயர் ரோஸ்லின். ஊர் சேலம். சங்ககிரியில் ஒரு லாரி ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஆறு வருஷமாகிறது. பதினான்கு வண்டி. எந்த வண்டி எங்கே லோடு ஏற்றுகிறது, எங்கே நிற்கிறது, எப்போது கிளம்புகிறது என்பதெல்லாம் டிரைவர்களின் போனிலிருந்து மெசேஜாகக் கிளம்பி என் மேசைமேல் இருக்கும் கம்ப்யூட்டரில் வந்து விழும். விழும்போது ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கட்டி மேய்ப்பதுதான் என் உத்தியோகம் என்று சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். வந்து ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கட்டும்.

பதினான்கு டிரைவர்களில் ஒருவர் என் வீட்டுக்காரர் அந்தோணி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லப்போகிற பயம் அத்தனையும் அங்கிருந்துதான் கிளம்புகிறது. நீங்களும் எங்கேயோ ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, 'டிங்' என்று கேட்டதும் அடிவயிற்றில் கை வைத்துக்கொள்கிற ஆள் என்றால், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். நீங்கள் நம்ம ஆள்.

இரண்டு சத்தம் பிறந்த விதம்

எங்கள் ஓனர் பெயர் குமரேசன். பேச்சு குறைவு. பயம் அதிகம். அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. வடக்கே இருந்து லோடு ஏற்றிக்கொண்டு வரும் வண்டிகள் தொப்பூர் கணவாயில் இறங்கித்தான் சேலம் வர வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் வண்டி ஒன்று அந்த இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் கவிழ்ந்தது. டிரைவர் கால் உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஆபீஸில் யாருக்கும் தெரியாது. காலையில் நடந்தது சாயங்காலம்தான், அதுவும் முன்பின் தெரியாத ஒருவர் சொல்லித்தான், எங்களுக்குத் தெரிந்தது. அன்று பூராவும் ஓனர் அந்த டிரைவர் ஏன் போனை எடுக்கவில்லை என்று திட்டிக்கொண்டிருந்தார். விஷயம் தெரிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்தவர் ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு சட்டம் வந்தது. கணவாய்க்கு மேலே டீக்கடையில் வண்டியை நிறுத்தி, பிரேக் டிரம் சூடு ஆறியதா என்று பார்த்துவிட்டு, இறங்குமுன் 'மேலே' என்று ஒரு மெசேஜ். இறங்கி முடித்து, புளியமரத்தடியில் ஓரங்கட்டி, 'கீழே' என்று ஒரு மெசேஜ். முப்பது நிமிடத்துக்குள் 'கீழே' வராவிட்டால் ஓனரே போன் போடுவார். சேலம் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து வந்து எங்கள் கம்ப்யூட்டரைப் பார்க்கும் சதீஷ், ஒரு குரூப்புக்கு ஒரு சத்தம்தான் வைக்க முடியும் என்றான். அதனால் 'மேலே' என்று ஒரு குரூப், 'கீழே' என்று ஒரு குரூப். சத்தம் அடுத்த அறையில் இருக்கும் ஓனர் வரைக்கும் கேட்க இரண்டு ஸ்பீக்கர் வேறு. உங்கள் போனிலேயே பார்த்துக்கொள்ளலாமே என்று ஓனரிடம் கேட்டேன். அவர் போன் எந்நேரமும் காதிலேயே இருக்கும், கண்ணுக்கு முன்னால் வருவதே இல்லை. அவர் சொன்னார்:

"படிச்சா மனசு நம்பாதுங்க அம்மிணி. காதுல உழுந்தாத்தான் எறங்கிட்டான்னு தோணும்."

ஏர்ஹாரன்

எந்தச் சத்தம் வைப்பது என்பதில் முதல் வாரம் போனது. முதலில் எல்லாவற்றுக்கும் ஒரே 'டிங்'. கணவாய்ச் செய்திக்கும் அதே டிங், டயர் கடைக்காரர் அனுப்பும் ரோஜாப்பூ போட்ட காலை வணக்கத்துக்கும் அதே டிங். தினமும் காலையில் இருபது முப்பது ரோஜாப்பூ வரும். ஒவ்வொரு பூவுக்கும் நான் செத்துப் பிழைப்பேன். அதனால் பூக்காரர்கள் அத்தனை பேரையும் மியூட் செய்தேன். இன்றுவரை அவர்களுக்குத் தெரியாது. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

'மேலே' குரூப்புக்கு ஓனர் தன் கையால் ஒரு சத்தம் வைத்தார். வாசலில் நின்ற வண்டியின் ஏர்ஹாரனை அடிக்கவைத்து, போனில் பதிந்து, சதீஷிடம் கொடுத்து ஏற்றச் சொன்னார். பதினொரு மணிக்கு முதல் 'மேலே' வந்தது. லோடு பார்க்கும் தங்கவேல் அண்ணன் பேனாவைப் போட்டுவிட்டுச் சுவரோரம் ஒதுங்கினார். நான் மேசைக்கு அடியில் இருந்தேன், எப்படிப் போனேன் என்று தெரியாது. எடப்பாடிப் பக்கமிருந்து தேங்காய் லோடு பேச வந்திருந்த பெரியவர் ஒருவர் மட்டும் நாற்காலியிலேயே இருந்தார், டீ மட்டும் வேட்டியில் இருந்தது. அவர் வாசலைப் பார்த்தபடி அமைதியாகக் கேட்டார்:

"ஏனுங்க, லாரி உள்ளார வருதுங்களா?"

யார் சாமியின் மணி

ஹாரனை அன்றே எடுத்தோம். செட்டிங்ஸில் இருந்த சத்தங்களை ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தேன். சொட்டு விழுவது, குருவி கத்துவது, கண்ணாடி உடைவது. கண்ணாடி உடைவதை யார் எதற்கு வைத்துக்கொள்வார்களோ தெரியவில்லை. கடைசியில் 'மேலே'க்கு மரக்கதவை ஒரு முறை தட்டுகிற மாதிரி ஒரு 'டொக்'. 'கீழே'க்குச் சின்ன மணி. மூன்று முறை அடித்து ஓயும். எங்கள் மாதா கோயிலில் பூசையின்போது அப்பத்தை உயர்த்துகிற நேரத்தில் பீடத்தருகே அடிக்கிற மணி அப்படியே இதுதான். கேட்டதும் எனக்குத் தலை தானாகக் குனிந்தது.

தங்கவேல் அண்ணனுக்குத் திருச்செங்கோடு. அவர் அது மலைக்கோயில் மணி என்றார். நான் எங்கள் கோயில் மணி என்றேன். அவர் தீபாராதனை என்றார். நான் நற்கருணை என்றேன். எங்கள் இருவர் குரலும் உயர்வதைக் கேட்டு ஓனர் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்:

"யாரு சாமியா இருந்தா என்னுங்க, வண்டி எறங்குனாச் செரி."

பார்த்துக்கொண்டிருந்த குற்றம்

இதில்தான் நான் ஒரு மனுஷனைக் கொல்லப் பார்த்தேன்.

அன்று முருகேசன் அண்ணனின் வண்டி. ஆபீஸிலேயே மூத்த டிரைவர் அவர். 'மேலே' வந்தது, டொக். எனக்கு அன்று என்னவோ மனசே சரியில்லை. சத்தத்துக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் 'கீழே' குரூப்பையே திரையில் திறந்து வைத்துக்கொண்டு கண் கொட்டாமல் பார்த்தேன். இருபத்து மூன்றாவது நிமிடம் முருகேசன் அண்ணன் 'கீழே' என்று போட்டார். கண்ணால் பார்த்தேன். பெருமூச்சு விட்டு அடுத்த வேலையைப் பார்த்தேன். மணி அடிக்கவில்லை என்பதைக் கவனிக்கவே இல்லை.

பக்கத்து அறையில் ஓனர் மணிக்காகக் காத்திருக்கிறார். முப்பது நிமிடம். நாற்பது. ஐம்பது. என்னை வந்து கேட்கவும் பயம். கேட்டால் நான் இல்லை என்று சொல்லிவிடுவேனோ என்ற பயம். முருகேசன் அண்ணனுக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தார். அவர் ஓட்டும்போது எடுக்க மாட்டார், அதுவும் ஓனர் போட்ட சட்டம்தான். கடைசியில் ஓனர் கார் சாவியை எடுத்துக்கொண்டு என் மேசையைத் தாண்டிப் போனார். முகம் சாம்பல் பூத்திருந்தது. வீட்டில் ஏதோ போலிருக்கிறது என்று நானும் கேட்கவில்லை. சேலம் பைபாஸில் எதிரே முருகேசன் அண்ணன் வண்டி வருவதைப் பார்த்து, காரை ஓரங்கட்டி, ஸ்டியரிங்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டாராம்.

சதீஷுக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவன் நிதானமாக விளக்கினான். எந்தக் குரூப் கண்ணுக்கு முன்னால் திறந்திருக்கிறதோ அதற்கு இந்த ஆப் சத்தம் போடாதாம். பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்கள், எதற்குத் தொந்தரவு என்று நினைத்துக்கொள்ளுமாம். அதாவது நான் அக்கறையாகப் பார்த்ததால்தான் மணி அடிக்கவில்லை. அன்றிலிருந்து 'மேலே' வந்ததும் 'கீழே' குரூப்பை மூடிவிட்டு வேறு எதையாவது பார்க்க வேண்டும் என்பது எனக்குச் சட்டம். பயப்படுகிற விஷயத்தைப் பார்க்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். சாயங்காலம் முருகேசன் அண்ணன் ஆபீஸுக்கு வந்தார். ஒன்பது மிஸ்டு கால் காட்டும் போனை என் மேசைமேல் வைத்தார்:

"அடிச்சு அடிச்சு, எனக்கே ஏதோ ஆயிப்போச்சோன்னு ஆயிருச்சுங்க."

இழுப்பறைக்குள் மூன்று லாரி

தங்கவேல் அண்ணன் வயரில்லாத இயர்போன் ஒன்று வாங்கினார். பாட்டுக் கேட்பதற்காக அதை என் கம்ப்யூட்டரோடு ஒருநாள் இணைத்துவிட்டு, அப்படியே கழற்றி மேசை இழுப்பறையில் போட்டுவிட்டார். கம்ப்யூட்டருக்கு நன்றி விசுவாசம் அதிகம். ஸ்பீக்கரை மறந்துவிட்டுச் சத்தத்தையெல்லாம் அந்த இயர்போனுக்கே அனுப்பியது. ஒரு முழுக் காலை, டொக்கும் இல்லை, மணியும் இல்லை. வண்டியே வரவில்லை போலிருக்கிறது என்று நானும் ஓனரும் சந்தோஷமாக இருந்தோம். மதியம் தற்செயலாகத் திரையைப் பார்த்தால் மூன்று வண்டி மேலே வந்து, மூன்றும் கீழே இறங்கி முடிந்திருக்கிறது. அந்த மூன்றில் ஒன்று அந்தோணி. அவர் கணவாயில் இருந்த நேரத்தில் நான் தங்கவேல் அண்ணனோடு சேர்ந்து கடலை உருண்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதை நினைத்துக்கொண்டே இழுப்பறையைத் திறந்தேன். தங்கவேல் அண்ணன் இயர்போனை எடுத்துத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"நான் என்னுங்க பண்றது, என்ற காதுல இருந்திருந்தாச் சொல்லியிருப்பனுங்க."

ஞாயிற்றுக்கிழமை

ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. காதுக்கு லீவு கிடையாது. குக்கர் மூடியைத் தட்டினால் டொக். பக்கத்து வீட்டுக் கதவு டொக். குளித்துக்கொண்டிருக்கும்போது டொக் கேட்டு, சோப்பு நுரையோடு இருபது நிமிடம் மணிக்காகக் காத்திருந்த நாளும் உண்டு. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருந்தால் வெளியில் சொல்லாதீர்கள், யாரும் நம்ப மாட்டார்கள்.

ஒரு ஞாயிறு பூசைக்குப் போயிருந்தேன். அந்தோணி வெளியூரில். கோயில் நிசப்தமாக இருக்கிறது. சாமியார் அப்பத்தை உயர்த்துகிறார். எல்லாரும் முழந்தாளில். பீடத்தருகே மணி மூன்று முறை அடித்தது. என்னையும் அறியாமல், கோயில் முழுக்கக் கேட்கிற மாதிரி, "அப்பாடா" என்றேன். நாலு வரிசை திரும்பிப் பார்த்தது. எனக்கு வெட்கத்தைவிட அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் இருந்த ஒரு அம்மா என் முழங்கையைத் தொட்டு மெதுவாகச் சொன்னார்:

"பூசை இன்னும் முடியலைங்கம்மா."

அவருக்கென்று ஒரு சத்தம்

எல்லா வண்டிக்கும் ஒரே டொக் என்பதால், எது அந்தோணி, எது மற்றவர் என்று திரையைப் பார்த்தால்தான் தெரியும். அவருக்கு மட்டும் வேறு சத்தம் இருந்தால் மற்ற நேரம் பயப்படாமல் இருக்கலாமே என்று கணக்குப் போட்டேன். மற்றவர்களும் யாரோ ஒருத்தியின் வீட்டுக்காரர்தான் என்பது தெரியும். தெரிந்தும் செய்தேன். அவருக்கென்று தனியாக இரண்டு குரூப், குருவிச் சத்தத்தில் 'மேலே', தண்ணீர்ச் சொட்டில் 'கீழே'.

இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. முன்பெல்லாம் மனசில் ஒரு ஓரத்தில், அது வேறு வண்டியாக இருக்கலாம் என்று ஒரு சமாதானம் இருந்தது. அதையும் என் கையாலேயே எடுத்துவிட்டேன். அந்த வாரம் அவர் வீட்டுக்கு வந்தபோது எல்லாவற்றையும் கொட்டினேன். அந்த இருபது நிமிடமும் மேசைக்கு அடியில் ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், டிபன் பாக்ஸைத் திறந்தால் சோறு இறங்கவில்லை, பல நாள் அப்படியே கொண்டுவந்து வாசலில் கொட்டுகிறேன் என்றேன். சாதாரணமாகக் கேலி செய்கிற மனுஷன். அன்று செய்யவில்லை. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டு வந்து சொன்னார்:

"எல்லாரோட சத்தத்துலயே என்னையும் போட்டுடு ரோசி. இனிமே நான் உன்னை ரொம்ப நேரம் காக்க வைக்க மாட்டேன்."

எலுமிச்சைச் சாதம்

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதற்கப்புறம் அவருடைய 'கீழே' பிசகியதே இல்லை. டொக் கேட்டுப் பதினைந்து, பதினாறு நிமிடத்தில் மணி அடித்துவிடும். மற்ற டிரைவர்கள் இருபத்தைந்து எடுப்பார்கள். சாமர்த்தியமாக ஓட்டுகிறார் என்று பெருமைகூடப் பட்டேன். அவ்வளவு வேகம் வேண்டாமே என்று ஒருநாள் சொல்ல நினைத்து, நல்லதை எதற்குக் கலைப்பது என்று விட்டுவிட்டேன். எனக்குச் சோறு இறங்க ஆரம்பித்தது. இரண்டு கிலோ கூடினேன்.

மூன்று மாதம் போயிருக்கும். அன்று ஓசூர்ப் பக்கமிருந்து இரும்புத் தகடு லோடு. பதினொன்றே காலுக்கு அந்தோணியின் டொக். பதினொன்றரைக்கு மணி, மூன்று முறை, சுத்தமாக. ஓனர் அறையிலிருந்து "எறங்கிட்டாப்புல" என்று குரல் வந்தது. நான் தண்ணீர் குடித்து, முகம் கழுவி, டிபன் பாக்ஸைத் திறந்தேன். எலுமிச்சைச் சாதம். தங்கவேல் அண்ணனுக்கு ஒரு கரண்டி வைத்துவிட்டு நானும் நாலு வாய் சாப்பிட்டேன். அப்போது என் போன் அடித்தது. திரையில் அந்தோணி. ஓட்டும்போது அவர் போனைத் தொட மாட்டார்.

"ரோசி, பயப்படாதே. எனக்கு ஒண்ணும் இல்லை" என்றார். குரல் கிணற்றுக்குள் இருந்து வந்தது. பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய்விட்டதாம். சின்ன கியரில் போட்டு, மலைப்பக்கமாக ஒடித்து, பாறையில் உரசிக்கொண்டே போய் ஓரத்து மண்மேட்டில் ஏற்றி நிறுத்தியிருக்கிறார். முன்கண்ணாடி இல்லை. தகடு ஒரு கட்டு நகர்ந்து கேபினுக்கு ஒரு சாண் தள்ளி நிற்கிறது. "எங்கே நிக்குது?" என்று கேட்டேன். "மூணாவது வளைவு" என்றார். எனக்குப் புரியவில்லை. மூன்றாவது வளைவு கணவாயின் நடுவில் இருக்கிறது. மணி அடித்து இருபது நிமிடம் ஆகிவிட்டது, நான் காதால் கேட்டேன், ஓனர் கேட்டார். "நீங்கதான் கீழே இறங்கிட்டீங்களே" என்றேன். அவர் சொன்னார்:

"மேல டீக்கடையிலயே கால் மணி நேரம் இருந்து, 'கீழே'யையும் அனுப்பிட்டுத்தான் ரோசி இறங்குவேன். நீ நேரத்துக்குச் சாப்பிடுவியேன்னு."

பதினான்கு தலை

நான் அன்று அழவில்லை. மிச்சச் சோற்றை மூடி வைத்துவிட்டு, மூன்று மாதத்தில் எத்தனை முறை மணி அடித்தது என்று 'கீழே' குரூப்பை மேலே தள்ளித் தள்ளி எண்ணினேன். அத்தனை முறையும் நான் அப்பாடா என்று சாய்ந்து உட்கார்ந்த அதே நேரத்தில் அவர் முதல் வளைவுக்குள் நுழைந்துகொண்டிருக்கிறார். போன பயம் போனதுதானே என்பீர்கள். இல்லை. அது அத்தனையும் மொத்தமாக வட்டி போட்டுத் திரும்பி வந்தது. இரவு வீட்டுக்கு வந்தவரின் நெற்றியில் கண்ணாடி கிழித்த கோடு. அவரைத் திட்டவும் முடியவில்லை, கட்டிக்கொள்ளவும் தெரியவில்லை. என்மேல் வைத்த பிரியத்தில் என்னை ஏமாற்றியிருக்கிறார். அதற்கு எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று யாராவது தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அடுத்த வாரம் பதினான்கு டிரைவரும் ஊரில் இருக்கிற மாதிரி ஒரு நாள் பார்த்து ஓனர் கூட்டம் போட்டார். அந்தோணி செய்ததைச் சொன்னார். திட்டவில்லை. "வேற யாராச்சும் இப்படிப் பண்றீங்களா?" என்று மட்டும் கேட்டார். ஒருவர் செருப்பைப் பார்த்தார். ஒருவர் துண்டை மடித்தார். ஒருவர் காலண்டரில் எண்ணெய்க் கம்பெனி விளம்பரத்தைப் படித்தார். ஓனர் பக்கம் திரும்பிய தலை ஒன்றுகூட இல்லை. ஓனருக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. எனக்கு அதற்கு முன்பே புரிந்துவிட்டது. வருஷக்கணக்காக நானும் அவரும் காது கொடுத்துக் காத்த மணியில் முக்கால்வாசி, வண்டி மேலே நிற்கும்போதே அடித்த மணி.

"ஏனப்பா?" என்றார் ஓனர். முருகேசன் அண்ணன்தான் எழுந்தார். போனை எடுத்துக் காட்டினார். அவர் அன்று சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை:

"முப்பது நிமிசம் தாண்டுனா நீங்க போன் போடறீங்க. வளைவுல பிரேக்க மிதிச்சுட்டு இருக்கறப்ப அந்தச் சத்தம் கேட்டா எங்களுக்குக் கையே ஓடறதில்லீங்க. அதனால உங்க பயத்த மேலயே எறக்கி வெச்சுட்டுத்தான் நாங்க எறங்குவமுங்க."

இப்போது சட்டம் மாறிவிட்டது. கணவாய் நேரத்தில் ஆபீஸிலிருந்து யாரும் போன் போடக் கூடாது, ஒரு மணி நேரம் ஆனாலும் சரி, இரண்டு மணி நேரம் ஆனாலும் சரி. 'கீழே' என்று போடும்போது கூடவே புளியமரத்தையும் ஒரு படம் எடுத்து அனுப்ப வேண்டும். ஓனர் தன் அறையிலிருந்து வெளியே வந்து என் பக்கத்தில் நின்று மரத்தைப் பார்க்கிறார். கிளை, இலை எல்லாம் சரியாக இருக்கிறதா, நேற்றைய படத்தையே திருப்பி அனுப்பிவிட்டார்களா என்று இருவரும் பெரிதுபடுத்திப் பார்க்கிறோம். அந்தோணிக்கு வேறு வண்டி கொடுத்திருக்கிறார்கள். முதல் படத்தில் மரத்தோடு தன் கட்டைவிரலையும் சேர்த்து அனுப்பியிருந்தார். விரலில் பிளாஸ்திரி இருந்தது.

ஆக, கூட்டவும் குறைக்கவும் மாற்றவும் அணைக்கவும் பழகி அந்தச் சத்தங்களை முழுக்க அடக்கி ஆளத் தெரிந்துகொண்ட நான், இப்போதெல்லாம் மணி மூன்று முறை அடித்ததும் மரத்தையும் பார்த்துவிட்டு, டிபன் பாக்ஸை மூடியே வைத்து, இன்னும் ஒரு இருபது நிமிடம் காத்திருந்து சாப்பிடுகிறேன்.